பல்கலைக்கழக நூலகத்தில் நடக்கும் இலவச எழுத்தாளர் உரைக்கும் கச்சேரிக்கும் வெளியாள் போவது எப்படி

நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை, வேலை பார்க்கவில்லை, உள்ளே உங்களுக்கு ஒருவரையும் தெரியாது. இருந்தாலும் அங்கே நூலகத்தில் நடக்கும் எழுத்தாளர் உரைக்கும் மாலைக் கச்சேரிக்கும் நீங்கள் போய் உட்காரலாம், பல இடங்களில் காசும் கொடுக்க வேண்டியதில்லை. இது தெரியாதவர்கள் நிறையப் பேர். தெரிந்தவர்களிலும் பலர் வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறார்கள். காரணம், அறிவிப்பை எழுதுகிறவர் வளாகத்துக்குள்ளேயே இருப்பவர். எந்தக் கதவு, என்ன அட்டை, எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு எழுதத் தேவையில்லாத விஷயமாகத் தெரிகிறது, நமக்கோ அது மட்டும்தான் தேவை. நான் இவற்றை வாசலில் நின்றும், மின்னஞ்சல் போட்டுக் கேட்டும் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படிச் சிரமப்பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எங்கே தேடுவது

ஒரே இடத்தில் தேடினால் பாதிதான் கிடைக்கும். பொதுவாக மூன்று நாட்காட்டிகள் இருக்கும்: பல்கலைக்கழகத்தின் பொது நிகழ்ச்சி நாட்காட்டி, நூலகம் தனியாக வைத்திருப்பது, அப்புறம் இலக்கியத் துறை, இசைத் துறை போன்றவை தங்கள் பக்கத்தில் போடுவது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று நம்பிவிடாதீர்கள். நூலகத்தில் நடக்கும் கச்சேரி இசைத் துறையின் பக்கத்தில் மட்டும் இருக்கலாம், ஏனென்றால் இடம்தான் நூலகத்துடையது, ஏற்பாடு துறையுடையது.

நிறைய நூலகங்கள் லிப்கால் என்ற மென்பொருளில் நாட்காட்டி வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்காட்டிகளில் நிகழ்ச்சியை வகை பிரித்துப் பார்க்க வசதி இருக்கும். அதைப் பயன்படுத்தாவிட்டால் தரவுத்தளப் பயிற்சி, ஆய்வேடு எழுதும் பட்டறை என்று மாணவர்களுக்கானவையே முதல் பத்துப் பக்கமும் வரும், சலித்துப்போய் மூடிவிடுவீர்கள். 'பொதுமக்கள்', 'கலை', 'உரை', 'கண்காட்சி' என்ற வகைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். நாட்காட்டியை உங்கள் போனில் இணைத்துக்கொள்ள ஐகால் இணைப்பு கொடுத்திருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மின்னஞ்சல் செய்திமடலுக்கும் பெயர் கொடுங்கள், பெரும்பாலும் முன்பதிவு திறந்த செய்தி அதில்தான் முதலில் வரும்.

இன்னும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன், இவற்றை யாரும் தேடுவதில்லை. ஒன்று, நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவு. ஓர் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதிகளோ கடிதங்களோ அங்கே வந்து சேர்ந்தால், கண்காட்சித் திறப்பு என்ற பெயரில் அதையொட்டி ஓர் உரை இருக்கும், பெரிய பெயர்கள்கூட அதில் பேசுவதுண்டு. இன்னொன்று, இசை மாணவர்கள் பட்டத்துக்காக நடத்தும் தேர்வுக் கச்சேரி. பல இசைத் துறைகளில் இது அனைவருக்கும் திறந்தது, இலவசம். வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாணவரின் வீட்டாரும் நண்பர்களும்தான். பல வருடம் உழைத்து ஒருவர் தன் ஆகச்சிறந்த ஒரு மணி நேரத்தை மேடையில் வைக்கிறார், கேட்க ஆள் குறைவு. வளாகத்தில் நடக்கும் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், தயவுசெய்து போங்கள்.

எப்போது தேடுவது என்பதும் முக்கியம். கல்விப் பருவம் தொடங்கும்போது அந்தப் பருவத்தின் வரிசை முழுதும் ஒன்றாக வெளியாகும், அந்த நேரத்தில் பார்த்துவிடுங்கள். தேர்வு வாரங்களில் நிகழ்ச்சி மிகக் குறைவு, நீண்ட விடுமுறையில் அநேகமாக இருக்காது. விடுமுறையில் பார்த்துவிட்டு 'இங்கே ஒன்றும் நடப்பதில்லை' என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

2. அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்

'இலவசம்' என்றால் 'யாரும் வரலாம்' என்று அர்த்தமில்லை. இது இரண்டும் தனித்தனி. 'பல்கலைக்கழகத்தினருக்கு இலவசம்' என்று போட்டிருந்தால் வெளியாளுக்குக் கட்டணம் இருக்கலாம், அல்லது அனுமதியே இல்லாமலும் இருக்கலாம். 'இலவசம், அனைவரும் வரலாம்' என்று இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் கவலையில்லை. 'இலவசம், முன்பதிவு அவசியம்' என்றால் உடனே பதிவு செய்யுங்கள். 'முன்பதிவு விரும்பத்தக்கது' என்று இருந்தாலும் செய்யுங்கள், நாற்காலி குறைவாக இருக்கும் நாளில் பெயர் இருப்பவரைத்தான் முதலில் விடுவார்கள்.

இடத்தின் பெயரையும் கவனியுங்கள். ஒரே வளாகத்தில் நாலைந்து நூலகங்கள் இருக்கும்: மைய நூலகம், சட்ட நூலகம், மருத்துவ நூலகம், இசை நூலகம். 'நூலக அரங்கம்' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த நூலகம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போன் வரைபடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டால் அது வளாகத்தின் ஏதோ ஒரு நடுப்புள்ளிக்குக் கூட்டிப்போகும், அங்கிருந்து நூலகத்துக்கு இருபது நிமிட நடை இருந்தாலும் இருக்கும். கட்டடத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

சந்தேகம் இருந்தால் அறிவிப்பின் அடியில் இருக்கும் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

'வணக்கம். நான் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் அல்ல. இந்தத் தேதியில் நடக்கும் இந்த நிகழ்ச்சிக்கு வர விரும்புகிறேன். வெளியாட்கள் எந்த வாசல் வழியாக வர வேண்டும்? என்ன அடையாள ஆவணம் கொண்டுவர வேண்டும்? முன்பதிவு செய்யாமல் வந்தால் இடம் கிடைக்குமா?'

வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். அதன் பயன் நாலாவது படியில் தெரியும்.

3. முன்பதிவு

பதிவு ஒன்று நூலகத்தின் சொந்தப் பக்கத்தில் இருக்கும், அல்லது ஈவென்ட்பிரைட் போன்ற தளத்துக்குப் போகும். சில படிவங்கள் பல்கலைக்கழகக் கணக்கில் நுழையச் சொல்லி நிற்கும். அங்கேயே விட்டுவிடாதீர்கள், 'விருந்தினர்', 'பொதுமக்கள்' என்று சின்ன எழுத்தில் இன்னொரு வழி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன மின்னஞ்சல்தான் வழி.

படிவத்தில் உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் பெயரையே போடுங்கள். முதலெழுத்து முன்னாலா பின்னாலா, அப்பா பெயர் சேர்த்தா சேர்க்காமலா என்று நம் பெயர்கள் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எதைக் கையில் கொண்டுபோகப் போகிறீர்களோ அதில் உள்ளபடி எழுதினால் வாசலில் பேச்சு மிச்சம். கூட வருகிறவருக்கும் தனிச் சீட்டு எடுங்கள், 'இரண்டு பேர்' என்று வாய்வார்த்தையாகச் சொல்வது செல்லாது. குழந்தையை அழைத்துப்போவதாக இருந்தால் வயது வரம்பு இருக்கிறதா பாருங்கள், குழந்தைக்கும் ஓர் இருக்கை கணக்கு.

உறுதி மின்னஞ்சல் வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டியையும் விளம்பரப் பெட்டியையும் திறந்து பாருங்கள். வந்ததும் அந்த கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கனமான கல் கட்டடங்களிலும் தரைக்குக் கீழே இருக்கும் அரங்குகளிலும் சிக்னல் சரியாகக் கிடைக்காது. எடுரோம் வைஃபை என்று போனில் தெரியும், ஆனால் அது ஏதாவது ஒரு கல்வி, ஆய்வு நிறுவனத்தில் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான். விருந்தினர் வைஃபை தனியாக இருக்கும், அதில் சேர சில இடங்களில் முகப்பு மேசையில் கேட்டுக் கடவுச்சொல் வாங்க வேண்டியிருக்கும்.

இடம் நிரம்பிவிட்டது என்று காட்டினால் மனம் தளர வேண்டாம். இலவசச் சீட்டு எடுப்பவர்களில் ஒரு பங்கினர் எப்போதும் வருவதில்லை, அது அமைப்பாளர்களுக்கும் தெரியும், அதனாலேயே சிலர் நாற்காலி எண்ணிக்கையைவிட அதிகமாகவே பதிவு எடுத்துக்கொள்கிறார்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போடுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய நாளிலும் அதே நாள் காலையிலும் மின்னஞ்சலைப் பாருங்கள், நினைவூட்டல் போனதும் வர முடியாதவர்கள் ரத்து செய்வார்கள், அப்போதுதான் இடம் காலியாகும். அதுவும் இல்லையென்றால் நேரில் போய் வரிசையில் நில்லுங்கள். தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது வராதவர்களின் இடங்களை வரிசையில் நிற்பவர்களுக்கு விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சீட்டு எடுத்துவிட்டீர்கள், பதிவுத் தளத்திலும் 'உறுதி' என்று இருக்கிறது, ஆனாலும் அந்தச் சீட்டு உங்கள் இருக்கைக்கு உத்தரவாதம் இல்லை. பத்து, பதினைந்து நிமிடம் முன்னால் வரச் சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு உங்கள் இடம் வேறொருவருடையது. போக முடியாது என்று தெரிந்த உடனே ரத்து செய்துவிடுங்கள். காசு போகவில்லை என்பதற்காகச் சும்மா விட்டுவிடுவது, காத்திருப்புப் பட்டியலில் ஏங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் இடத்தைப் பூட்டி வைப்பதுதான்.

4. கையில் என்ன ஆவணம் வேண்டும்

படத்துடன் கூடிய அரசு அடையாள அட்டை ஒன்று, முன்பதிவு உறுதி, நூலகத்திலிருந்து வந்த பதில் மின்னஞ்சல். இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் போதும். அட்டையின் போட்டோவை ஏற்பார்களா என்பது காவலரைப் பொறுத்தது, அசலையே கொண்டுபோங்கள். சில நூலகங்களில் முகப்பு மேசையில் பெயர் எழுதி ஒரு நாள் பார்வையாளர் அட்டை தருவார்கள், அதற்காகக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும்.

மின்னஞ்சலை ஏன் வைத்திருக்கச் சொன்னேன் என்றால், நான் போன ஒரு நூலகத்தில் இணையப் பக்கம் 'அனைவரும் வருக' என்றது, வாசலில் இருந்த காவலரோ மாணவர் அட்டை இல்லாமல் விட முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவரிடம் யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. அமைப்பாளரின் எண் என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. ஒரு வழியாக உள்ளே போனபோது உரை முடிந்து கேள்வி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தில் ஒரு வரி பதில் கையில் இருந்தால், அதில் அனுப்பியவரின் பெயரும் பதவியும் இருந்தால், காவலருக்கும் அது ஒரு பிடிமானம். அவரும் தன் வேலையைப் பார்க்க வேண்டும் இல்லையா. நிகழ்ச்சி நேரத்தில் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வுக் காலத்தில் சில நூலகங்கள் உறுப்பினர் தவிர வேறு யாரையும் விடுவதில்லை. அந்த வாரங்களில் நிகழ்ச்சி இருந்தால் நுழைவு பற்றி இன்னொரு முறை கேட்டுவிடுங்கள்.

5. செலவு

நுழைவு இலவசம் என்றாலும் சில செலவுகள் பக்கவாட்டில் வரும். பெரியது வண்டி நிறுத்துவது. வளாகத்தில் பகலில் விருந்தினருக்குத் தனிக் கட்டணம், அனுமதி இல்லாத இடத்தில் விட்டால் அபராதம், அந்த அபராதம் ஒரு நல்ல அரங்கின் டிக்கெட் விலையைத் தாண்டிவிடும். மாலை குறிப்பிட்ட மணிக்குமேல் இலவசம் என்ற விதி சில வளாகங்களில் உண்டு, ஆனால் அது எல்லா நிறுத்துமிடத்துக்கும் பொருந்தாது, பலகையைப் படியுங்கள். முடிந்தால் பேருந்திலோ ரயிலிலோ போங்கள், திரும்பி வரக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பதிவுப் பக்கத்தில் 'நன்கொடை' என்று ஒரு பெட்டி வரும், சில சமயம் அதில் ஒரு தொகை ஏற்கெனவே நிரப்பியிருக்கும். கட்டாயமில்லை, பூஜ்யம் போட்டால் போதும். அதேபோல 'நூலக நண்பர்கள்' என்ற பெயரில் உறுப்பினர் திட்டம் இருக்கும். சேர்ந்தால் முன்கூட்டியே பதிவு செய்ய முடியும், புத்தகம் கடன் எடுக்கும் வசதி கிடைக்கலாம். ஆனால் பொது நிகழ்ச்சிக்கு அது தேவையில்லை. அடிக்கடி போய்ப் பழகிய பிறகு யோசிக்கலாம்.

புத்தகம் வாங்க வேண்டும் என்ற நிர்பந்தமும் கிடையாது. உரை முடிந்ததும் மேசையில் விற்பனைக்கு வைத்திருப்பார்கள், வாங்காமல் கிளம்பினால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அதே எழுத்தாளரின் பழைய புத்தகங்கள் அந்த நூலகத்திலேயே அடுக்கில் இருக்கும், போவதற்கு முன்னால் உங்கள் ஊர் நூலகத்தில் ஒன்றை எடுத்து ஒரு கதையோ ஓர் அத்தியாயமோ படித்துவிட்டுப் போனால் உரை இரண்டு மடங்கு பிடிக்கும்.

6. நேரம்

அறிவிப்பில் இருக்கும் மணி எதைக் குறிக்கிறது என்று பாருங்கள்: கதவு திறக்கும் நேரமா, தொடங்கும் நேரமா. இரண்டுக்கும் அரை மணி வித்தியாசம் இருக்கும். பல்கலைக்கழகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெர்மன் பல்கலைக்கழக அறிவிப்புகளில் மணிக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று போட்டிருந்தால் சொன்ன மணிக்குக் கால் மணி கழித்துத் தொடங்கும், 'எஸ்.டி.' என்றால் சொன்ன மணிக்கே. வட ஐரோப்பிய நாடுகளிலும் இந்தக் கால் மணி வழக்கம் இருக்கிறது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாரிசன் நூலகத்தில் நடக்கும் மதியக் கவிதை வாசிப்பு வரிசை 12:10க்குத் தொடங்குவதற்கும் இதே மாதிரி ஒரு பத்து நிமிட வழக்கம்தான் பின்னணி. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா கேளுங்கள். தெரியாதவரை, சொன்ன மணிக்கே தொடங்கும் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

மதிய நிகழ்ச்சிகள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், வகுப்பு இடைவேளையை நம்பி நடப்பவை என்பதால் தாமதம் கிடையாது. மாலை உரை என்றால் ஒன்று, ஒன்றரை மணி நேரம், பிறகு கையெழுத்து வரிசை. வளாகத்துக்கு முதல் முறை போகிறீர்கள் என்றால் நாற்பது நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள். அதில் பாதி கட்டடத்தைத் தேடுவதிலேயே போகும்.

7. வாசலும் பையும்

மாலையில் நூலகத்தின் முன்கதவு மூடியிருக்கும், நிகழ்ச்சிக்குப் பக்கவாட்டு வாசல் திறந்திருக்கும். இருட்டாக இருக்கிறதே என்று திரும்பிவிடாமல் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பெரிய பையைத் தவிருங்கள். அரிய நூல்கள் இருக்கும் அறையில் நிகழ்ச்சி என்றால் பை, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், சில லாக்கர்களுக்கு நாணயம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், படி ஏற முடியாதவர்கள் முன்கூட்டியே எழுதுங்கள். பழைய நூலகக் கட்டடங்களில் லிஃப்ட் வேறு வாசலில் இருக்கும், சில சமயம் ஊழியர் வந்துதான் திறக்க வேண்டும்.

காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள், அரங்கில் லூப் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கருவியில் டி நிலை (லூப்பின் ஒலியை வாங்கிக்கொள்ளும் அமைப்பு) உள்ளவர்களுக்கு மைக்கில் பேசுவது நேராகக் காதில் விழும். சைகை மொழி பெயர்ப்போ திரை எழுத்தோ வேண்டுமென்றால் ஓரிரு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், அன்றைக்குப் போய்க் கேட்டால் அவர்களால் ஏற்பாடு செய்ய முடியாது.

8. எங்கே உட்காருவது

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நூலகத்தில் நிறைய வித்தியாசம் தரும். வாசிப்புக்கூடங்கள் பேச்சுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. உயரமான கூரையும் கல் தரையும் உள்ள கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தால் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். உரை என்றால் முன்பாதியில் உட்காருங்கள், தூணுக்கும் புத்தக அலமாரிக்கும் பின்னால் மாட்டிக்கொள்ளாதீர்கள். பியானோ கச்சேரி என்றால் மேடையைப் பார்த்து உங்கள் இடப்பக்கம் உட்காருங்கள், வாசிப்பவரின் விரல்கள் தெரியும். வீணையோ வயலினோ மைக் இல்லாமல் வாசித்தால் அருகில் போவதற்குத் தயங்கவே வேண்டாம். சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தால் மட்டும் ஓரத்தில் உட்காருங்கள்.

தாமதமாகப் போனால் ஒரு உருப்படி முடியும்வரை கதவருகே நிற்க வைப்பார்கள், நடுவில் உள்ளே போக முயற்சி செய்யாதீர்கள். மேற்கத்திய இசையில் ஒரே படைப்பு பல பகுதிகளாக வரும், பகுதிக்கு நடுவே வரும் அமைதி முடிவு அல்ல. நிகழ்ச்சித்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மற்றவர்கள் கை தட்டும்போது தட்டினால் சரி.

9. கேள்வியும் கையெழுத்தும்

கேள்வி நேரத்தில் மாணவர்களும் பேராசிரியர்களும்தான் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரே ஒரு கேள்வி, இரண்டு வாக்கியம், கடைசியில் கேள்விக்குறி. மைக் வரும்வரை காத்திருங்கள், பதிவு செய்கிறார்கள் என்றால் மைக் இல்லாத கேள்வி பதிவில் விழாது. உங்கள் குரல் பதிவாவது பிடிக்கவில்லை என்றால் முடிந்ததும் நேரில் கேட்கலாம்.

கையெழுத்து வாங்க வீட்டிலிருந்து பழைய பிரதி கொண்டுவரலாமா, எத்தனை புத்தகம் என்பதை மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். உங்கள் பெயரை ஒரு துண்டுத் தாளில் தெளிவாக எழுதிப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள், வரிசையும் வேகமாக நகரும், பெயரும் பிழையில்லாமல் வரும். போட்டோ எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். கச்சேரியில் ஒலிப்பதிவும் வீடியோவும் பெரும்பாலும் கூடாது.

10. நேரில் போக முடியாவிட்டால்

நேரலை இருந்தால் அதற்குத் தனிப் பதிவு இருக்கும், நேரில் வருவதற்கான சீட்டு அதற்குச் செல்லாது. ஜூம் இணைப்பு பல சமயம் அன்றைக்குத்தான் வரும், சில இடங்களில் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது. வேறு நாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் நேர மண்டலத்தைச் சரிபாருங்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில நாடுகள் கடிகாரத்தை ஒரு மணி மாற்றும், போன மாதம் சரியாக இருந்த கணக்கு இந்த மாதம் தப்பும். உரைகளின் பதிவை யூடியூபிலோ நூலகத்தின் பக்கத்திலோ பின்னர் போடுவார்கள், சில வாரம் ஆகலாம். கச்சேரிப் பதிவு பெரும்பாலும் வராது, இசைக்கு உரிமை வாங்குவது வேறு வேலை. அதனால் ஒரே வாரத்தில் உரையும் கச்சேரியும் இருந்து ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் கச்சேரிக்குப் போங்கள், உரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.